குகை வாசலுக்குப் பூட்டுப் போட்டால் குகை தப்புமா?

கடலோடி — 2024 ஜனவரி 6, மாலை 7.12

2014இல் ஜெர்மனியின் ரீசன்டிங் குகைக்குள் ஒருவர் தலையில் கல் விழுந்து கிடந்தார், அவரைத் தூக்கிவர நூற்றுக்கணக்கானோர் போனார்கள். அதற்குப் பிறகு வாசலை இரும்பால் அடைத்துவிட்டார்கள் என்று படித்தேன். நல்ல வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அல்ப்ஸ் மலையில் உள்ள ஆழக் குகைகள் எல்லாவற்றையும் இப்படிப் பூட்டிவிட்டால் ஆட்களும் தப்புவார்கள், குகையும் தப்பும். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? சுவிஸில் குகைக்குள் போகிற நம்மவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

முருகைக்கல் — ஜனவரி 6, இரவு 10.50

நான் இறங்குகிறவன்தான். ஷ்வீட்ஸ் கன்டோனில் இருக்கிறேன். முவோத்தத்தால் பள்ளத்தாக்கிலுள்ள ஹொல்லொக் குகைக்கு எட்டு மாரிகாலம் போய் வந்திருக்கிறேன்.

ரீசன்டிங் வாசலில் போட்ட இரும்பு ஆட்களை நினைத்துப் போட்டது. 2014 ஜூன் 8ஆம் திகதி கல் விழுந்தது. ஆள் கிடந்த இடம் ஏறக்குறைய 1000 மீட்டர் ஆழம். வெளியே கொண்டுவந்தது 19ஆம் திகதி. ஐந்து நாட்டிலிருந்து 728 பேர் அந்த மீட்பு வேலையில் இருந்தார்கள். அடிபட்டவர் ஆசைக்கு எட்டிப்பார்க்கப் போனவர் அல்ல, அந்தக் குகையைப் பல வருடமாக அளந்து வரைந்தவர்களில் ஒருவர். அவருக்கே இப்படி என்றால் பழக்கமில்லாத பொடியன்கள் இறங்கினால் என்ன கதி என்ற பயம் வரத்தான் செய்யும். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

குகையும் தப்பும் என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. சுண்ணாம்பு மலைக்குள் இருக்கிற குகைக்கு வாசல் ஒன்றல்ல. மேலே மழைத்தண்ணி உள்ளே போகிற ஒவ்வொரு வெடிப்பும் வாசல்தான். அத்தனைக்கும் யார் பூட்டுப் போடுவது?

முருகைக்கல் — ஜனவரி 7, காலை 5.40

வேலைக்கு வெளிக்கிட முன் ஒரு திருத்தம். "1000 மீட்டரும் கயிற்றில் தொங்கியா இறங்குவீர்கள்?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நான் இரவு "இறங்குகிறவன்" என்று எழுதியதால் வந்த குழப்பம். ரீசன்டிங் கிணறு கிணறாகக் கீழே போகும், அங்கே கயிறில்லாமல் எதுவும் இல்லை. ஹொல்லொக்கின் பழைய வாசலோ பள்ளத்தாக்கின் பக்கத்தில், கடல்மட்டத்துக்கு மேல் 734 மீட்டரில் இருக்கிறது. நடந்தே உள்ளே போகலாம். போனபின் குகை பெரும்பாலும் மலைக்குள்ளே மேல்நோக்கி ஏறுகிறது. அளந்து முடித்த நீளம் 200 கிலோமீட்டருக்கு மேல். அதன் மிக உயர்ந்த புள்ளிக்கும் மிகத் தாழ்ந்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசம் 1033 மீட்டர். அதைத்தான் ஆழம் என்று எழுதுகிறார்கள். ஆகவே நான் ஏறுகிறவன்.

முருகைக்கல் — ஜனவரி 7, இரவு 9.30

ஹொல்லொக் என்ற பெயருக்கு என்ன பொருள் என்று ஒருவர் கேட்டதற்கு. ஜெர்மன் படித்தவர்கள் உடனே "நரகப் பொந்து" என்று மொழிபெயர்ப்பார்கள். நானும் அப்படித்தான் அம்மாவிடம் சொல்லி, அவ மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் பள்ளத்தாக்கு ஆட்களின் பேச்சில் "ஹேல்" என்றால் வழுக்கல். வழுக்கற் பொந்து. முதல் தரம் உள்ளே போய் அந்த ஈரப் பாறையில் கால் வைத்தபோது அது சரியான பெயர் என்று விளங்கியது. எங்கள் யாழ்ப்பாணத்து வழுக்கையாறும் ஞாபகம் வந்தது.

1875இல் அலோயிஸ் உல்ரிக் என்ற உள்ளூர் விவசாயி உள்ளே போனதிலிருந்து கதை தொடங்குகிறது. 1900களின் தொடக்கத்தில் ஒரு பெல்ஜியக் கம்பனி மின்விளக்கும் படியும் போட்டுச் சுற்றுலா நடத்தியது. 1910இல் வந்த வெள்ளம் அதையெல்லாம் பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

முருகைக்கல் — ஜனவரி 8, பின்னேரம் 4.05

ஏன் மாரியில் போகிறோம்? வெளியே எல்லாம் உறைந்து கிடக்கும்போது மேலேயிருந்து தண்ணி வராது. உள்ளே எந்தக் காலத்திலும் 6 பாகை அளவில்தான் இருக்கும். வெளியே மைனஸ் பத்து என்றால் குகைக்குள் போவது குளிர்காய உள்ளே போவது மாதிரி. கோடையில் ஒரு இடிமழை அடித்தால் உள்ளே நீர்மட்டம் 100 மீட்டருக்கும் மேல் ஏறும். நான் சமதரையில் பிறந்தவன், தண்ணி நிலைக்குத்தாக 100 மீட்டர் ஏறும் என்பதை மனம் நம்பக் கனநாள் எடுத்தது. வழியில் ஒரு இடத்தில், தலைக்கு மேலே எட்டாத உயரத்தில், பாறைப் பிளவுக்குள் ஒரு மரத்துண்டு செருகிக் கிடந்ததைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு நம்பினேன்.

1952 ஆகஸ்டில் குகை ஆய்வாளர் அல்ஃபிரெட் பேக்லியும் கூடப்போன மூன்று பேரும் உள்ளே இருந்தபோது வெள்ளம் வழியை அடைத்துவிட்டது. பத்து நாளளவில் இருட்டுக்குள் இருந்துவிட்டு நாலு பேரும் உயிரோடு வந்தார்கள். அதற்குப் பிறகும் பேக்லி குகையை விடவில்லை. 1964இல் அவர் எழுதிய ஒரு விளக்கம் இன்றும் குகை படிக்கிற எல்லோருக்கும் அடிப்படை.

மழைத்தண்ணி மண்ணுக்குள்ளால் போகும்போது கரியமிலவாயுவை எடுத்துக்கொள்ளும். அந்தப் புளிப்புத்தான் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. கரைத்துக் கரைத்து ஒரு கட்டத்தில் நிறைந்துவிடும், அதற்கு மேல் கரைக்காது. அப்படியானால் மலையின் மேற்தோலிலேயே எல்லாத் தண்ணியும் வேலையை முடித்திருக்கவேண்டும். ஆழத்தில் இவ்வளவு பெரிய மண்டபங்கள் எப்படி வந்தன? பேக்லி சொன்னது இது: நிறைந்துபோன இரண்டு தண்ணி, வாயு அளவு வேறு வேறாக, மலைக்குள் ஒரு பிளவில் சந்தித்தால் அந்தக் கலவை மறுபடி பசியெடுத்துக் கல்லைக் கரைக்கத் தொடங்கும். இரண்டு சுவரிலிருந்து இரண்டு கோடாக ஈரம் வந்து ஒன்றுசேர்கிற இடங்களைக் கண்டால் நான் நின்று பார்ப்பேன். அங்கே பாறை கிண்ணம்போலக் குடைந்திருக்கும்.

முருகைக்கல் — ஜனவரி 9, இரவு 11.20

பூட்டுக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் நித்திரை வராது.

புத்தூர்ப் பக்கத்து ஆட்கள் இங்கே இருந்தால் தெரியும்: நிலாவரைக் கிணற்றில் தேசிக்காய் போட்டால் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். ஹொல்லொக்குக்கு மேலே இருக்கிற சில்பெரன் மலையில் ஒரு கோடையில் நின்றபோது அந்தத் தேசிக்காய்தான் நினைவுக்கு வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் சாம்பல் நிறக் கல். உழுத வயல்போல வரி வரியாக, விளிம்பு கத்திபோல. மழை கொட்டுகிறது, ஆனால் ஓடை ஒன்றும் இல்லை. விழுந்த துளி விழுந்த இடத்திலேயே காணாமற் போகிறது. கோடையில் எங்கள் செம்மண் தோட்டத்துக்கு இறைத்த தண்ணி போன மாதிரி.

அந்தத் தண்ணி எங்கே போகிறது என்று பார்ப்பதற்குக் குகை ஆய்வாளர்கள் செய்வது தேசிக்காய் வேலைதான். மேலே ஒரு பிளவில் யுரனின் என்ற பச்சைச் சாயத்தை ஊற்றுவார்கள். கீழே பள்ளத்தாக்கிலுள்ள ஊற்றுகளில் போத்தல் போத்தலாகத் தண்ணி எடுத்துப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு சாயத்தையும் கருவி பிடித்துவிடும். ஹொல்லொக் தண்ணி வெளியே வருகிற ஊற்றுக்கு இந்த ஊர்ப் பெயர் ஷ்லிஹென்டன் புரூன்னன். பதுங்கி வருகிற கிணறு என்று சொல்லலாம்.

மணலுக்குள்ளால் போகிற தண்ணி மெல்ல ஊறி, வடிகட்டப்பட்டு வரும். சுண்ணாம்புக் குகைக்குள்ளால் போகிற தண்ணி குழாய்க்குள் ஓடுகிற மாதிரி ஓடும். மேலே ஊற்றியது எதுவோ, கீழே குடிப்பதும் அதுதான். 1901இல் பிரெஞ்சு ஜூரா மலையில், பொன்டார்லியே ஊரில் ஒரு மதுபானத் தொழிற்சாலை எரிந்தது. ஊழியர்கள் தொட்டியிலிருந்த அப்சிந்த் சாராயத்தை டூ ஆற்றுக்குள் திறந்துவிட்டார்கள். பிறகு பார்த்தால் வேறொரு பள்ளத்தாக்கில் லூ ஆற்றின் ஊற்றிலே சாராய வாசம். இரண்டுக்கும் நிலத்தடியில் தொடர்பு இருக்கிறது என்று ஆட்களுக்கு விளங்கியது அப்படித்தான்.

கடலோடி அண்ணை, இப்போது சொல்லுங்கள், வாசல் எது?

முருகைக்கல் — ஜனவரி 10, காலை 6.00

அம்மாவோடு தொலைபேசியில் கதைத்தேன். சின்ன வயதில் அவவும் தமக்கையும் ஒரு தேசிக்காயில் ஊசியால் கீறி அடையாளம் வைத்து நிலாவரையில் போட்டார்களாம். மாமா சைக்கிளில் கீரிமலைக்குப் போய்ப் பொழுதுபடும்வரை கேணிக்கரையில் நின்றாராம். தேசிக்காய் வரவில்லை. "அடுத்த நாள் வந்திருக்கும், ஆர் பார்த்தது?" என்கிறா.

முருகைக்கல் — ஜனவரி 11, இரவு 8.45

மழைக்காகம் என்ற பெயரில் ஒருவர் இங்கே எழுதியதைப் படித்தேன். வெளவால் மாரிகாலத்தில் தூங்கும்போது ஆள் போய் எழுப்பினால், சேர்த்து வைத்த கொழுப்பை எரித்துவிட்டு வசந்தம் வருமுன் செத்துப்போகும், அதனால் சில வாசல்களுக்குக் கம்பி வேண்டும் என்கிறார். அவர் சொல்வது சரி. படுக்கைவாட்டில் கம்பி போட்டு இடைவெளி விட்டால் வெளவால் பறந்து வரும், ஆள் போகமுடியாது. நான் முதல் நாள் பூட்டை முழுக்கத் தள்ளிவைத்து எழுதினேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். சிறிய குகை, வெளவால் கூட்டம், வழியிலேயே கைக்கெட்டும் பளிங்குத் தூண்கள், இப்படி இருந்தால் பூட்டு வேண்டும். யாரிடம் திறப்பு இருக்கிறது, யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதும் எழுதி வைக்கப்படவேண்டும்.

ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போகக்கூடாது. அந்தச் சொல்லில் நான் மாறவில்லை.

முருகைக்கல் — ஜனவரி 12, இரவு 10.10

"உள்ளே போகிற நீங்கள்தானே கெடுக்கிறீர்கள்?" என்று ஒருவர். மறுக்கமாட்டேன். என் கையாலேயே, சரியாகச் சொன்னால் என் காலாலேயே, நடந்தது இது.

மூன்றாவது மாரி. புதிதாகக் கண்ட ஒரு கிளையை அளக்கப் போன குழுவில் எனக்குப் பை சுமக்கிற வேலை. ஒரு இடத்தில் தரை முழுக்க வெள்ளை. உப்பு உறைந்த உப்பளம் மாதிரி, ஆனால் கிட்டக் குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றும் நகநுனி அளவு முனைவைத்த பளிங்கு. சிவப்பு நாடா கட்டி ஒற்றையடி வழி விட்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் வந்தவருக்கு வழிவிட ஒரு அடி பக்கத்தில் வைத்தேன். முட்டைக்கோது நொறுங்குகிற சத்தம். கால் எடுத்தேன், களிமண் சப்பாத்தின் அடிவரி அப்படியே அந்த வெள்ளையில்.

யாரும் ஏசவில்லை. தலைவி முழங்காலில் இருந்து, சின்னப் பஞ்சாலும் தண்ணித் தெளிப்பானாலும் ஒரு மணித்தியாலம் துடைத்தா. களிமண் போயிற்று, நொறுங்கினது நொறுங்கினதுதான். அடுத்த மாரி போனேன், அதற்கடுத்த மாரியும் போனேன், என் கால் அப்படியே இருக்கிறது. காற்றுமில்லை மழையுமில்லை, அழிக்க ஒன்றும் வராது. எனக்குப் பேரப்பிள்ளை பிறந்து கிழவனானாலும் அந்த அடி அங்கேதான் இருக்கும். அன்றிலிருந்து நாடாவுக்குள் ஒற்றைக்காலில் நின்றாலும் நிற்பேன், வெளியே வைக்கமாட்டேன்.

பழைய காலத்தவர்கள் இன்னும் மோசமாகச் செய்தார்கள். கார்பைட் கல்லில் தண்ணி சொட்டவைத்து வரும் வாயுவை எரிக்கிற விளக்குக் காலத்தில், மிஞ்சிய சுண்ணாம்புக் கழிவைக் கண்ட இடத்தில் கொட்டிவிட்டு வந்தார்கள். பிரான்ஸில், வெர்கோர் மலையிலுள்ள பெர்ஜே குகை 1953இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1956இல் உலகத்திலேயே முதலாவதாக 1000 மீட்டர் ஆழத்தைத் தாண்டிப்போன குகை அதுதான். அவ்வளவு புகழ் வந்தபின் நாடு நாடாகக் குழுக்கள் இறங்கின. இறங்கினவர்கள் விட்டுவந்த குப்பையைப் பிற்காலத்துக் குகைக்காரர்கள் பை பையாகச் சுமந்து ஏற்றினார்கள். அவர்களை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும். அடுத்தவன் எறிந்த தகரத்தை ஆயிரம் மீட்டர் கயிற்றில் இழுத்து ஏற்றுவதென்றால் அந்தக் குகைமேல் எவ்வளவு அன்பு இருக்கவேண்டும்!

முருகைக்கல் — ஜனவரி 13, காலை 7.25

ஒரு பதிவை அழித்துவிட்டேன். நேற்று ஆர்வத்தில், சில்பெரன் பக்கம் கோடையில் நாங்கள் பார்த்த ஒரு குளிர்காற்று வீசும் ஓட்டையின் இடத்தைப் படத்தோடு போட்டிருந்தேன். படத்தில் பின்னாலுள்ள மலைமுகட்டைப் பார்த்தாலே இடம் தெரிந்துவிடும் என்று எங்கள் குழுவில் ஒருவர் எடுத்துச் சொன்னார். சேமித்து வைத்தவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள். பூட்டைப் பற்றி இவ்வளவு எழுதுகிற நானே இதைச் செய்திருக்கக்கூடாது. புதிய குகைக்கு முதல் காவல், அளந்து முடிக்கும்வரை இடத்தை வெளியே சொல்லாமல் இருப்பதுதான்.

முருகைக்கல் — ஜனவரி 18, இரவு 9.00

நாளைக் காலை உள்ளே போகிறோம், நாலு நாள். பதில் வராவிட்டால் கோபிக்கவேண்டாம். காலநிலை உறைந்தே இருக்கும் என்று வானிலை நிலையம் சொல்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் எறும்பையும் பனியையும் பார்த்துக் காலநிலை சொல்கிற ஆறு கிழவர்கள் இருக்கிறார்கள், "வெட்டர்ஷ்மொக்கர்", காலநிலையை மோப்பம் பிடிக்கிறவர்கள் என்று பெயர். எங்கள் தலைவி வானிலை நிலையத்தைத்தான் கேட்கிறா, ஆனாலும் கடைக்குப் போகும்போது கிழவர்கள் என்ன சொன்னார்கள் என்றும் விசாரித்துவிட்டுத்தான் வருவா.

முருகைக்கல் — ஜனவரி 23, இரவு 8.30

வந்துவிட்டோம். எல்லோரும் சுகம். தோள்பட்டை மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை.

கனக்க எழுத இருக்கிறது, ஒன்றை மட்டும் முதலில். இரண்டாம் நாள் முகாமுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தேக்கம், நடுத்தரத் தட்டளவுதான். தண்ணி இருக்கிறதே தெரியாது, அவ்வளவு தெளிவு. தலைவிளக்கைத் தணித்துவிட்டுக் குந்தியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அடியில் வெள்ளை நூல்போல ஒன்று அசைந்தது. கண் இல்லாத, நிறம் இல்லாத ஒரு சின்ன இறால் மாதிரி உயிர். பக்கவாட்டில் படுத்தபடி சறுக்கிச் சறுக்கி ஒரு களிமண் துகளைப் பிடித்தது, விட்டது, அடுத்ததைப் பிடித்தது. நிபார்கஸ் பேரினத்தைச் சேர்ந்தது. 2017இல் ஹொல்லொக்கிலிருந்து மட்டும் மூன்று புது நிபார்கஸ் இனங்களை விஞ்ஞானிகள் விவரித்து எழுதினார்கள். ஒன்றுக்கு முவோத்தா ஆற்றின் பெயரையே வைத்தார்கள்.

அது தின்பது என்ன? மேலேயிருந்து தண்ணி கொண்டுவருகிற துகள். காட்டு இலை, மண், பக்டீரியா. வேறொன்றும் இந்த இருட்டுக்கு வராது. மேலே பெட்மெரன் என்ற பழமையான காட்டின் ஊசியிலை மரங்கள் உதிர்த்தது உள்ளே வந்து இதன் வாய்க்குள் போகிறது. மேலே எண்ணெய் ஊற்றினால் அதுவும் இங்கேதான் வரும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது எங்கள் சனம் பட்ட பாடு எனக்குத் தெரியும். நாங்கள் பவுசர் தண்ணிக்கு வரிசையில் நிற்கலாம். இது எங்கே போய் நிற்கும்?

முருகைக்கல் — ஜனவரி 24, பின்னேரம் 5.15

முகாமில் கழிப்பறை எப்படி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். எங்கள் குழுவில் மலமும் இறுகக் கட்டிய பையில் வெளியேதான் வரும். உணவுத் துணுக்கு விழாமல் சாப்பிடுகிற பையைக் கழுத்தில் கட்டிக்கொள்வோம். ஒரு பாண் துணுக்கு விழுந்தாலும் அங்கே பூஞ்சை படரும். நான் கொண்டுபோன பருத்தித்துறை வடைக்கு அங்கே பெரிய மதிப்பு. உடையும், ஆனால் துணுக்கை ஒருவரும் தரையில் விடவில்லை.

முருகைக்கல் — ஜனவரி 27, இரவு 10.30

கடலோடி அண்ணை, "மேலேதான் வாசல் என்றால் மேலே என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டது நியாயமான கேள்வி.

முந்தின காலத்தில் அல்ப்ஸ் விவசாயிகளுக்கு மலையிலுள்ள பாழ்ங்கிணறு, அதாவது குகைப் பக்கம் இறங்குகிற இயற்கையான செங்குத்துக் குழி, என்றால் குப்பைக் கிடங்கு. செத்த மாடு, உடைந்த கட்டில், முள்ளுக்கம்பி எல்லாம் அதற்குள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் வீட்டிலும் பழைய கிணற்றைக் குப்பையால்தான் தூர்த்தோம். மலக்குழியைக் கிணற்றுக்குப் பக்கத்தில் வெட்டியதும், தோட்டத்துக்கு உரத்தை அள்ளிக் கொட்டியதும் நாங்கள்தான். குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேட்டு ஏறியது அப்படித்தான்.

போன வருட இலையுதிர்காலத்தில் எங்கள் குழு அப்படியொரு பாழ்ங்கிணற்றைத் துப்புரவாக்கியது. பதினெட்டு மீட்டர் ஆழம். இரண்டு பேர் கீழே, ஆறு பேர் மேலே, கப்பியில் வாளி. முதலில் கம்பி வந்தது, பிறகு மருந்துப் போத்தல்கள், சிலதில் மூடி திறக்காமலே திரவம் இருந்தது. அவற்றைத் தனிப் பெட்டியில் வைத்துக் கையுறையோடு இறக்கினோம். கடைசி வாளியில் எலும்பு. அந்த நிலத்துக்காரர், எழுபது வயதிருக்கும், முதல் நாள் தூர நின்று பார்த்தார். இரண்டாம் நாள் டிராக்டரைக் கொண்டுவந்து தானே ஏற்றி இறக்கினார். பின்னேரம் சீஸும் கோப்பியும் தந்துவிட்டு, "என்ர அப்பர் போட்டது" என்ற பொருளில் ஒரு சொல் சொன்னார். அந்தப் பாழ்ங்கிணற்றுக்குச் சுற்றவர இப்போது அவரே வேலி போட்டிருக்கிறார், மாடு விழாமல். அண்ணை, நீங்கள் கேட்ட பூட்டு எனக்கு அந்த வேலி.

முருகைக்கல் — ஜனவரி 28, காலை 6.20

மகனைக் குகைக்குக் கூட்டிவரலாமா என்று ஒருவர் கேட்டதற்கு: பன்னிரண்டு வயதென்றால் முதலில் வழிகாட்டியோடு முன்பகுதிக்கு மட்டும் வாருங்கள், சில மணித்தியாலம் போதும். பருத்தி உடுப்பு வேண்டாம், நனைந்தால் காயாது. கம்பளி அல்லது செயற்கை நூல். விளக்கு மூன்று. கணுக்கால் மூடிய சப்பாத்து, அடியில் பழைய மண் ஒட்டியிருந்தால் வீட்டிலேயே கழுவிவிட்டு வாருங்கள், வெளியிலுள்ள கிருமியை உள்ளே கொண்டுபோகக்கூடாது. சப்பாத்து அளவை எனக்கு அனுப்புங்கள், குழுவின் பெட்டியில் சின்ன அளவு இருக்கிறதா பார்க்கிறேன்.

அடுத்த பாழ்ங்கிணறு துப்புரவு, உறைபனி கரைந்த பிறகு. திகதி தெரிந்ததும் இங்கேயே போடுகிறேன். இடத்தைப் போடமாட்டேன்.